பகல் பேச்சு

அண்ணன் இறந்த வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பாதிப்பேர் தறி மில்காரர்கள். முன்னறையில் சுவரோரமாகப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் வாயிலிருந்தும் சத்தம் வரவில்லை. ஆனால் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன, புருவங்கள் ஏறி இறங்கின. இந்தக் கோடியில் இருந்தவர் ஏதோ சொல்ல, அந்தக் கோடியில் இருந்தவர் தலையாட்டிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணியின் சித்தப்பா என் காதருகே குனிந்து, "இவங்களுக்கெல்லாம் வாய் பேச வராதாம்மா?" என்று கேட்டார்.

"வரும் மாமா. மில்லுல பேசிப் பழகுன பேச்சு இது."

ஒரே கூடத்தில் அத்தனை தறிகள் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் காற்றுதான் வரும், வார்த்தை வராது. அதனால் அங்கே யாரும் குரலைச் செலவழிப்பதில்லை. வாயை அகலமாகத் திறந்து, உதட்டைக் குவித்து, கண்ணையும் புருவத்தையும் சேர்த்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் பேசுவார்கள். நாலு தறி தள்ளி நிற்பவனோடு வீட்டுச் சண்டையிலிருந்து விலைவாசி வரை அலசிவிடுவார்கள். மேஸ்திரி நடுவில் நின்றுகொண்டிருக்கும்போதே அவர் தொப்பையைப் பற்றிப் பேசிச் சிரிப்பார்கள் என்று அண்ணன் சொல்வான். மேஸ்திரியும் தறியில் இருந்து வந்தவர்தானே, புரியாதா என்று கேட்டால், "புரியும். ஆனா புரிஞ்ச மாதிரி காட்டிக்கிட்டா தொப்பை இருக்குன்னு ஒத்துக்கணுமே!" என்பான்.

அண்ணன் இருபது வயதுக்குமுன் அந்த மில்லுக்குள் போனவன். அங்கே அவன் பெயர் நெட்டை. வாண்டு பிறந்த சமயத்தில் அவனுடைய காது பெரும்பாலும் போய்விட்டிருந்தது. எதிரில் நின்று முகத்தைப் பார்த்துப் பேசினால் எல்லாம் புரியும். முதுகுக்குப் பின்னால் பாத்திரக்கடையே சரிந்து விழுந்தாலும் தெரியாது.

வாண்டு என்பது அவன் மகள். இப்போது பெரிய பெண். அன்றைக்கு வந்தவர்களை எல்லாம் அவள்தான் வாசலில் நின்று, "வாங்க, உள்ள வாங்க, எப்ப கிளம்பினீங்க?" என்று கணீரென்ற குரலில் கேட்டு உட்காரவைத்தாள். மில்காரர்களில் மூத்தவர் ஒருவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உதட்டால் ஏதோ சொன்னார். அவள் மரியாதையாகக் குனிந்து, "கேக்கலையே, கொஞ்சம் சத்தமா சொல்லுங்களேன்" என்றாள்.

அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. அவளுக்குப் புரியவில்லை. ஒரு காலத்தில் அந்தப் பேச்சு அவளுக்குத்தான் எங்கள் எல்லோரையும்விட நன்றாக வந்தது.

அப்போது நான் கல்லூரி முடித்து ஒரு மருந்துக்கடையில் பில் போட்டுக்கொண்டு அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. விடியும்போது கிளம்பினால் இருட்டும்போதுதான் வருவாள். அண்ணனுக்கு இரவு ஷிப்ட். அவன் தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசியோடு வாசற்படி ஏறும்போது அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்குவாள். குழந்தை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாறும். "பால் குடிச்சாச்சு, மூக்கு ஒழுகுது" என்று அண்ணி உதட்டைக் காட்டிச் சொல்லிவிட்டு ஓடுவாள். புருஷன் பெண்டாட்டிக்குள் அன்றைய பேச்சு பெரும்பாலும் அவ்வளவுதான்.

வரிசை வீடு அது. ஒரு சுவருக்கு இரண்டு குடும்பம். இந்தப் பக்கம் ஒரு வாட்ச்மேன், அந்தப் பக்கம் ரொட்டி அடுப்பில் வேலைசெய்பவர், எதிர்வீட்டில் ஒரு நர்ஸ். எல்லோருமே இரவு வேலைக்காரர்கள். பகலில் எங்கள் தெருவில் நாய்கூட யோசித்துத்தான் குரைக்கும். வாண்டு பச்சைக்குழந்தையாக இருந்தபோது ஒருநாள் மத்தியானம் ஓயாமல் அழுததற்கு வாட்ச்மேன் கதவைத் தட்டி, தூக்கம் சொருகும் கண்ணோடு, "நெட்டை, ஒண்ணு அதைத் தூங்க வை, இல்ல என்னைத் தூக்கிட்டுப் போய் எங்கயாவது போடு" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

அண்ணனும் தூங்கத்தான் வேண்டும். மில்லில் வெட்டி எறியும் துணிக்கரையை நீளமாக முடிந்து, ஒரு முனையைத் தன் கால் கட்டைவிரலிலும் மறுமுனையைக் குழந்தையின் மணிக்கட்டிலும் கட்டிக்கொண்டு படுப்பான். அவள் எழுந்து வாசற்பக்கம் நகர்ந்தால் விரல் இழுபடும், விழித்துக்கொள்வான். அவள் எதிரில் வந்து முகத்தைத் தட்டினால் கண்ணைத் திறந்து பேச ஆரம்பித்துவிடுவான். சத்தமில்லாமல்தான். அவனுக்கு அதுதான் பேச்சு. தெருவுக்கும் அது நல்லதாக இருந்தது.

தெருமுனையில் ஒரு பழைய கிடங்கின் இரண்டு அறைகளில் குழந்தைகள் மையம் திறந்தார்கள். டீச்சர் சின்ன வயது. தோளில் பெரிய துணிப்பை, அதிலிருந்து பொம்மையும் வண்ணக்கட்டியும் வந்துகொண்டே இருக்கும். அவர் வீடு வீடாக வந்து ஒன்றே ஒன்றைச் சொன்னார். "அம்மாக்களை நான் கூப்பிடவே இல்லை. அப்பாக்கள் வரணும். சனிக்கிழமை காலையில ஒரு மணி நேரம். புள்ளைங்களோட உக்காந்து விளையாடினா போதும்."

தெருவே சிரித்தது. ஆனாலும் முதல் சனிக்கிழமை எட்டுப்பத்துப் பேர் போனார்கள். லோடுமேன் ஒருவர் பாயில் உட்கார்ந்த வேகத்தில் சாய்ந்து தூங்கிவிட்டார், குழந்தைகள் அவர் வயிற்றின்மேல் மரக்கட்டைகளை அடுக்கி வீடு கட்டினார்கள். வேன் டிரைவர் வாசலிலேயே நின்று, "டீச்சர், வந்தேன்னு போட்டுக்கங்க, வண்டியை ரோட்டுல விட்டுட்டு வந்திருக்கேன்" என்றார். அடுத்தடுத்த வாரங்களில் கூட்டம் கரைந்தது. யாரையும் குறை சொல்ல முடியாது. உடம்பு படுக்கையைக் கேட்கும் நேரம் அது.

அண்ணன் மட்டும் ஒரு வாரமும் தவறவில்லை. மில்லிலிருந்து நேராக வந்து முகம் கழுவி, டீச்சரின் உதடு தெரிகிற மாதிரி முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வான். டீச்சர் சொன்னதைப் பாடம் மாதிரி பிடித்துக்கொண்டான். "குழந்தையோட பேசிக்கிட்டே இருங்க. பாத்திரம் கழுவினாலும் சரி, துணி மடிச்சாலும் சரி, என்ன செய்றீங்கன்னு சொல்லிக்கிட்டே செய்ங்க. அவ ஏதாவது சொன்னா நிறுத்திட்டு கேளுங்க. பதில் சொல்லுங்க."

அவன் அதை அப்படியே செய்தான். ஒருநாள் எனக்குக் கடை விடுமுறை. சமையலறையில் அவன் பாத்திரம் கழுவுகிறான், வாண்டு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருக்கிறாள். இது தட்டு என்று அவன் உதடு சொன்னது. அழுக்குத் தட்டு. இது சோப்பு. சோப்பு வழுக்கும், பிடி, பிடி, ஓடிப்போச்சு. அவள் உதடு பின்னாலேயே வந்தது. ஓடிப்போச்சு. எங்க போச்சு? அப்புறம் அவள் கையை விரித்து, கண்ணை உருட்டி, நீளமாக ஏதோ கதை சொன்னாள். காக்கா ஒன்று வந்து சோப்பைத் தூக்கிக்கொண்டு போய் மேஸ்திரியின் தலையில் போட்டது என்கிற வரைக்கும் எனக்குப் புரிந்தது. அதற்குமேல் இரண்டுபேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். குழாயிலிருந்து சொட்டும் தண்ணீர்தான் கேட்டது.

சாயந்திரம் அண்ணி வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் வந்ததும் வாண்டுக்குக் குரல் வந்துவிடும். "அம்மா, அம்மா, ஏன் லேட்டு?" என்று கத்திக்கொண்டு ஓடுவாள். அந்த நேரம் தெரு எழுந்திருக்கும், வாட்ச்மேன் பல் தேய்த்துக்கொண்டிருப்பார், எல்லோரும் கத்துவார்கள். எங்கள் யாருக்கும் இதில் எதுவும் விசித்திரமாகப் படவில்லை. மூன்று வயது முடியும் முன்பே அந்தக் குழந்தை தனக்குள் ஒரு சட்டம் போட்டுக்கொண்டிருந்தது. பகல் பேச்சுக்குச் சத்தம் கிடையாது. சத்தம் பொழுது சாய்ந்தபிறகு.

டீச்சர் அண்ணனைப் படம் எடுத்து மையத்தின் கதவில் ஒட்டினார். அந்த வருஷம் வந்து பார்த்தவர்களிடம் எல்லாம் அவனைத்தான் காட்டினார். தறிக்காரர்கள், "நெட்டை, சினிமாவுல நடிக்கிறியாமே!" என்று கிண்டல் செய்தார்கள். அவன் வெட்கப்பட்டுக்கொண்டே இன்னொருதரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

வாண்டு முழுநேரமும் மையத்துக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் சிக்கல் வந்தது. ஒரு நாள்கூட அவள் அங்கே ஒரு சத்தமும் எழுப்பவில்லை. சொன்னதைச் செய்வாள், வண்ணக்கட்டியைச் சரியாக எடுத்துக் கொடுப்பாள், கேள்வி கேட்டால் டீச்சரின் முகத்தைப் பார்த்து வாயை மட்டும் அசைப்பாள். காதைச் சோதித்தார்கள், காது நன்றாக இருந்தது. அண்ணியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"பேச மாட்டாளா? நேத்துக்கூட தலை பின்னும்போது என்னை என்னா திட்டு திட்டினா தெரியுமா டீச்சர்!"

டீச்சர் அதை நம்பவில்லை. எல்லா அம்மாக்களும் வீட்டில் பேசுகிறாள் என்றுதான் சொல்வார்கள்.

உண்மை ஒரு சனிக்கிழமை வெளிப்பட்டது. அப்பாவும் மகளும் அறையின் மூலையில் கட்டைகளை வைத்து விளையாடுவதை டீச்சர் எதிர்மூலையிலிருந்து பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார். இரண்டு வாயும் ஓயாமல் அசைவதைப் பார்த்ததும் அவருக்கு முதலில் சந்தோஷம் தாங்கவில்லை. "பேசுறா! இவ்வளவு பேசுறா!" என்று ஓடிவந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டாராம். கிட்டத்தில் வந்த பிறகுதான் இரண்டு வாயிலிருந்தும் சத்தமே வரவில்லை என்று தெரிந்திருக்கிறது. பேச்சுப் பயிற்சி கொடுக்க மாதத்துக்கு ஒருமுறை வரும் அம்மாவிடம் அதைச் சொல்ல, அவர் அண்ணனை எதிரில் உட்காரவைத்து நிதானமாகப் பேசினார். நானும் போயிருந்தேன்.

"நீங்க தப்பு பண்ணலை. ஆனா இதை நிறுத்தணும். அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்துல சேர்க்கும்போது தலைமையாசிரியை நாலு கேள்வி கேப்பாங்க. வாயைத் திறந்து சத்தமா பதில் சொல்லலைன்னா, பேச்சு வராத குழந்தைன்னு ஊருக்கு வெளியில இருக்கிற சிறப்புப் பள்ளிக்குத்தான் அனுப்புவாங்க. அங்கேயே தங்கிப் படிக்கணும்."

"தங்கியா?" அண்ணன் கேட்டான். தன் குரல் தனக்கே கேட்காததால், அது எப்போதும்போல் அறைமுழுக்க மோதியது. மூலையில் ஒரு குழந்தை திடுக்கிட்டு அழ ஆரம்பித்தது.

"உங்களைப் பார்த்தா அவ சத்தமில்லாத பேச்சுக்குப் போயிடுறா. இனி அவகிட்ட குரல் கொடுத்து மட்டும் பேசுங்க. இல்லைன்னா பேசாதீங்க."

வீட்டுக்கு வந்ததும் முயற்சி ஆரம்பமானது. அண்ணன் வாண்டுவைத் தரையில் உட்காரவைத்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இது தட்டு!" என்றான். அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். சுவரில் தொம் தொம்மென்று இடித்து வாட்ச்மேன் கேட்டார்: "ஏம்ப்பா, மைக்செட்டு வாடகைக்கு எடுத்துட்டியா?"

அவனுக்கு அது கேட்கவில்லை. நான் சொன்னேன்.

"ஏம்மா, இப்ப எப்படி?" என்று என்னைப் பார்த்துக்கொண்டே குறைத்தான்.

"இன்னும் கம்மியா அண்ணே."

"இப்ப?"

"இன்னும்."

குறைத்துக்கொண்டே வந்தவனுக்குச் சட்டென்று குரல் மொத்தமும் நின்றுபோய் உதடு மட்டும் அசைந்தது. வாண்டுவின் முகம் மலர்ந்தது. காதிலிருந்து கையை எடுத்துவிட்டு, அப்பா திரும்பி வந்துவிட்ட மாதிரி, அவளும் உதட்டால் பதில் சொன்னாள்.

நடுவில் ஒரு குரல் எல்லோருக்கும் இருக்கிறது. வீட்டுக்குள் பேசுகிற, பக்கத்துவீட்டைத் தொடாத குரல். அவனுக்கு அது எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. நாள்கணக்காகத் தேடினான். நான் கையை மேலேயும் கீழேயும் ஆட்டிக் காட்டுவேன். நான் கடைக்குப் போனபிறகு கை காட்ட ஆள் இல்லை. மேஸ்திரியிடம் பகல் ஷிப்ட் கேட்டுப் பார்த்தான். "உனக்கு முன்னாடி கேட்டவன் எல்லாம் தாத்தா ஆயிட்டான்யா" என்றார் மேஸ்திரி.

அப்புறம் ஒருநாள் நான் மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். தூசிக்காக மில்லில் கட்டிக்கொள்ளும் துணியை அண்ணன் வீட்டுக்குள் வாயில் இறுக்கிக் கட்டியிருந்தான். அப்படியே துணி மடித்துக்கொண்டிருந்தான்.

"என்ன அண்ணே இது?"

துணியைக் கீழே இறக்கி, "தானா பேசிடுதும்மா. வாய் நிக்க மாட்டேங்குது" என்றான்.

வாண்டு அவன் மடியில் ஏறி அந்தத் துணியை இழுத்து இறக்குவாள். அவன் ஏற்றுவான். முதலில் அவளுக்கு அது விளையாட்டாக இருந்தது. சில நாள் கழித்து இழுப்பதை விட்டுவிட்டாள். ஒரு ஓரமாக உட்கார்ந்து பொம்மையிடம் உதட்டால் பேசிக்கொண்டிருப்பாள், அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். சனிக்கிழமைகளில் அவன் மையத்துக்குப் போவதை நிறுத்தினான். டீச்சரே அதைச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தான் அவரை வரச்சொன்னேன், நானே வராதீங்கன்னு சொல்றேன் பாருங்க" என்றார். கதவில் அவன் படம் அப்படியேதான் இருந்தது.

சாயந்திரங்களில் அண்ணியிடம்கூட வாண்டு பேசுவது குறைந்தது.

பள்ளிக்கூடத்துக்கு வரச்சொன்ன அன்று அண்ணிக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. அண்ணனும் நானும் கூட்டிப்போனோம். தலைமையாசிரியையின் அறையில் டீச்சரும் வந்து உட்கார்ந்திருந்தார். மேசைக்கு எதிரே குட்டி நாற்காலி. வாண்டு காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அண்ணன் கதவருகில் நின்றான்.

"உன் பேர் என்ன கண்ணு?"

வாண்டுவின் உதடு பெயரைச் சொன்னது.

"சத்தமா சொல்லு பாக்கலாம்."

உதடு இன்னும் அகலமாகத் திறந்தது. டீச்சர் கைகளைக் கோத்துக்கொண்டார். தலைமையாசிரியை ஒரு பந்தைக் காட்டினார், நாய் படத்தைக் காட்டினார், மிட்டாய் ஒன்றை எடுத்து வைத்தார். ஒவ்வொன்றுக்கும் வாண்டு திரும்பி அப்பாவைப் பார்த்து உதட்டால் சொன்னாள். எல்லாமே சரியான பதில்கள்.

"அவர் நிக்கிறதாலதான்" என்றார் டீச்சர் மெல்ல.

தலைமையாசிரியை அண்ணனைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க" என்று கையைச் சுழற்றிக் காட்டினார்.

அவன் திரும்பி நின்றான். வெளித் தாழ்வாரத்தைப் பார்த்தபடி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

வாண்டு அந்த முதுகைப் பார்த்தாள். உதட்டை அசைத்தாள். காத்திருந்தாள். மறுபடியும் அசைத்தாள். கையை ஆட்டினாள். அந்த முதுகு அசையவில்லை. நாற்காலியிலிருந்து இறங்கி நின்றாள். அவள் கழுத்து நரம்பு புடைத்ததைப் பார்த்தேன்.

"அப்பா!"

வெளியில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பகலில் நான் கேட்ட அவளுடைய முதல் வார்த்தை அது.

"அப்பா! வாப்பா, வீட்டுக்குப் போலாம்! அப்பா, இங்க பாரு! அப்பா!"

டீச்சர் எழுந்துவிட்டார், கண்ணெல்லாம் தண்ணீர். "நல்லாத்தானே பேசுறா!" என்று தலைமையாசிரியை சிரித்தார். நான் வாண்டுவைத் தூக்கப் போனேன், அவள் என்னை உதறினாள். அழுகையும் கத்தலுமாகப் பள்ளிக்கூடமே எட்டிப்பார்த்தது. கதவருகில் நின்றவன் மட்டும், திரும்பு என்று யாரும் தொட்டுச் சொல்லாததால், சொன்னபடி நின்றுகொண்டே இருந்தான். நான்தான் ஓடிப்போய் அவன் தோளைத் தொட்டேன்.

"இடம் கிடைச்சிருச்சா?" என்றான் முதல் வேலையாக.

"கிடைச்சிருச்சு அண்ணே. பேசிட்டா."

"பேசிட்டாளா? சத்தமாவா?" அவன் முகம் அப்படிப் பொங்கியதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. "என்ன சொன்னா?"

"உன்னைத்தான் கூப்பிட்டா."

வாண்டு அழுத முகத்தோடு வந்து நின்றாள். "எங்க, அப்பாவுக்கு ஒருதரம் சொல்லும்மா" என்று அவன் அவள் எதிரில் குனிந்தான். அவனைப் பார்த்ததும் அவள் வாய் சத்தமில்லாமல் அசைந்தது. டீச்சர் பதறிப்போய், "வேண்டாம், இப்ப அவளைப் பாக்காதீங்க. கொஞ்ச மாசத்துக்குப் பாத்துப் பேசாதீங்க. வந்தது போயிடும்" என்றார்.

அவன் தலையாட்டினான். பார்க்காமல் இருப்பதற்கு அவனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அவளைத் தூக்கித் தோள்மேல் உட்காரவைத்துக்கொண்டான். அப்படியே வீட்டுக்குக் கிளம்பினோம். நான் இரண்டடி பின்னால் நடந்தேன்.

கடைத்தெரு வரை அவள் பேசவில்லை. பிறகு அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உச்சந்தலையைப் பார்த்துக் கேட்டாள். சத்தமாக. சைக்கிளில் போனவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"அப்பா, நான் கூப்பிட்டேன்ல? ஏன் திரும்பல?"

தோளில் அவள் அசைவதை உணர்ந்து அண்ணன், "ம்" என்றான். அவள் காலைத் தட்டிக்கொடுத்தான்.

"ஏம்ப்பா திரும்பல?"

"ம்."

"அப்பா!"

"ம், ம். வந்தாச்சு, வந்தாச்சு."

நான் எட்டிப் பிடித்து அவன் முன்னால் நின்று அவள் கேட்டதைச் சொன்னேன். அவன் அவளை இறக்கி, சாலையோரத்தில் முழந்தாளிட்டு, அவள் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுவந்தான். அவள் பதிலுக்குக் காத்திருந்தாள். அவன் வாய் திறந்தது. பழைய பேச்சு உதட்டின் நுனி வரை வந்து நின்றதைப் பார்த்தேன். என்னை ஏறிட்டுப் பார்த்தான். குரலை எடுக்க மூச்சு இழுத்தான். சுற்றிலும் கூட்டம், அவளுடைய கைகள் அதற்குள் காதுக்குப் போய்விட்டிருந்தன.

வாயை மூடிக்கொண்டான். அவளை மறுபடி தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தான். அவள் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.